பின்பக்கம் காட்டாத வீடு

தம்பிக்கு,

இதைப் போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். உன் பழக்கம் எனக்குத் தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிதானமாகப் படி. வருகிற வெள்ளிக்கிழமை நொத்தாரிசு கந்தோரில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதப்போவதாகவும், நான் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நான் வரமாட்டேன். நீயும் போகக் கூடாது. ஏன் என்று சொல்வதற்கு என் அழுக்கையும் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு படி.

உன் கடிதத்தை முதல் தரம் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவனுடைய மகன் கேகாலையில் வாத்தியார் வேலை பார்த்து, கல்யாணமாகி இரண்டாவது வருஷமே சொந்த வீடு வாங்குகிறான் என்றால் எந்த அப்பனுக்குத்தான் இருக்காது? இரண்டாம் தரம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போதுதான் அந்த வரி தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. "வீட்டுக்காரர் நம்ம ஆளுதாம்ப்பா, ரொம்ப நல்ல மனுசன். பக்கத்து வீட்டுக்காரங்கதான் சரியில்லையாம். நம்ம ஆளுங்கன்னா அவங்களுக்குப் புடிக்காதாம். ஏதாச்சும் சொன்னாக் காதுல போட்டுக்காதீங்கன்னு மொதல்லயே சொல்லிட்டாரு." அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இதே பொய்யை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒருவனிடம் சொல்லியிருக்கிறேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

கேகாலையில் இறங்கும்போது மழை கொட்டியது. நல்லதாகப் போயிற்று. நீங்கள் இரண்டு பேரும் மாசி வெயிலில் போய் வீடு பார்த்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் வெயில் நாளில் வீடு பார்ப்பது, மணவறையில் வைத்துப் பெண் பார்ப்பது மாதிரி. எல்லாம் லட்சணமாகத்தான் இருக்கும். நான் பையனின் அப்பா என்று சொன்னதும் வீட்டுக்காரர் ஓடிவந்து குடையை வாங்கிக்கொண்டார், நாற்காலி போட்டார், உள்ளே பார்த்துத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். முன்ஹாலில் நீ கடிதத்தில் எழுதியிருந்த டைல்ஸ் பளபளத்தது. "நிலையும் நிலமும் வாஸ்துப்படி இருக்குங்க" என்றார். நான் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "உக்காருங்க, உக்காருங்க, ஆறிரும்" என்று பின்னாலேயே வந்தார்.

நீ பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று ஆசையாக எழுதியிருந்தாயே, அந்தப் பின் அறை, அங்கேதான் போனேன். வீட்டில் வேறெங்கும் இல்லாத புதுப் பெயிண்ட் அந்த அறையில் மட்டும், அதுவும் இடுப்பு உயரத்துக்கு. வேறெந்த அறையிலும் இல்லாத சீலிங் அங்கே மட்டும். கதவின் அடிப்பக்கத்தை இரண்டு விரல் அகலத்துக்கு இழைத்துத் தள்ளியிருக்கிறார்கள். மழைக்கு ஊதிப்போய் அடைக்க முடியாமல் போன கதவைத்தான் அப்படி இழைப்பார்கள். சுவரோடு ஒரு அலுமாரி ஒட்டி நின்றது. கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டேன். "பழசுங்க, நகத்தினா கால் ஒடிஞ்சிரும்" என்றார். நான் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டேன். கை கறுப்பாக, பிசுபிசுவென்று ஈரத்தோடு வெளியே வந்தது. அவர் என் கையைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "மழக் காலம்தானேங்க" என்று சிரித்தார். அந்தச் சுவர்ப் பக்கம்தான் தொட்டில் போடுவதாக இருந்தீர்கள். நிலைக்கட்டையில் கறையான் ஏறிய மண்கோட்டைக்கூடச் சுரண்டவில்லை, அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். குடை நுனியால் லேசாகக் குத்தினேன். தேத்தண்ணியில் முக்கிய பிஸ்கட் மாதிரி உள்ளே போய்விட்டது.

பின்பக்கம் போகலாமா என்றதும் அவர் குரல் மாறியது. "மழைங்க. அட்ட கடிக்கும். இன்னொரு நாள் பாக்கலாமே. லோனுக்கு மதிப்புப் போட வந்த ஐயாவே பின்னால போகல. வாசல்ல நின்னு பாத்துட்டு, ஒண்ணும் குறையில்லன்னு எழுதிட்டாரு." அதை ஒரு நற்சாட்சிப் பத்திரம் மாதிரி சொன்னார், தம்பி! காற்சட்டையை மடிக்க வெட்கப்பட்டு, அட்டைக்குப் பயந்து, வாசலில் நின்று எழுதிய அறிக்கையைத்தான் நீ மூன்று பிரதி எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறாய். வக்கீல் உறுதியைப் பார்த்தார், சாத்திரியார் திசையைப் பார்த்தார், மதிப்புப் போடுகிறவர் ரோட்டைப் பார்த்தார். வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை. சந்தையில் மாடு வாங்குகிறவன்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான்.

நான் போனேன். அட்டை கடிக்கத்தான் செய்தது. வீட்டின் முதுகுக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான் இருக்கிறது. மேட்டைச் செங்குத்தாக வெட்டி, கூரைக்கு மேலே உயரமாக அப்படியே விட்டிருக்கிறார்கள். தாங்குவதற்கு ஒரு கல்கட்டுகூட இல்லை. தண்ணீர் ஓட வேண்டிய கானில் பாதிக்கு மண் விழுந்து கிடக்கிறது. மேட்டின் அடியில் மூன்று இடத்தில் தண்ணீர் ஊறுகிறது, அதுவும் கலங்கல் தண்ணீர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். தெளிந்த தண்ணீர் ஊறினால் அது வெறும் ஊற்று. கலங்கி ஊறினால் மேடு உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே ஏறிப் பார்த்தேன். கமுகு மரங்கள் எல்லாம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அதற்கும் மேலே தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டு, புதுக்கன்று வைக்க மண்ணைத் திறந்துபோட்டிருக்கிறார்கள். பெய்கிற மழை முழுவதும் உன் பிள்ளையின் அறைக்குப் பின்னால்தான் இறங்கும். கூரை ஷீட்டில் ஆணிகள் துருப்பிடித்துத் தலை கழன்று நிற்கின்றன. ஒரு பலத்த காற்றுக்குத் தாங்காது. அதெல்லாம் போகட்டும், கூரையை மாற்றலாம். மலையை மாற்ற முடியாது.

திரும்பும்போது பக்கத்து வீட்டுக்குப் போனேன், நம்மைப் பிடிக்காதவர்கள் என்று சொன்னாரே, அங்கே. ரப்பர்ப் பால் வெட்டுகிற ஒரு சிங்கள ஆள். மழைக்கு வேலையில்லாமல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். சிங்களத்தில் விசாரித்தேன். எழுந்து வந்து தன் வீட்டுச் சுவரில் முழங்காலுக்கு மேலே ஒரு கறையைக் கையால் தொட்டுக் காட்டி, "கிய அவுருத்தே மெதனட்ட ஆவா" என்றார். போன வருஷம் சேறு இவ்வளவு உயரத்துக்கு வந்ததாம். வந்து பார்க்கிறவர்களிடம் சொல்லலாம் என்றால் ஒருவரும் தன் வாசலை ஏறிட்டுப் பார்ப்பதில்லையாம். "புதுசா கல்யாணம் கட்டின ஒரு ஜோடி வந்தாங்க. நான் சிரிச்சேன். அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு" என்று அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். மருமகளைக் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு அப்படிச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் ஒரே நடையில் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நீ யோசிப்பாய். அப்பா ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தவர், கட்டட வேலை எங்கே கற்றார் என்று. சொல்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில் நாம் லயத்தைவிட்டு அந்தப் பழைய வீட்டுக்குப் போனபோது உனக்குப் பதினொரு வயது. அதை விற்றவர் ஒரு சிங்களக் கடை முதலாளி. நான் தனியாகத்தான் பார்க்கப் போனேன். அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பஸ்ஸை நிறுத்தி நம்மை மட்டும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். கந்தோருக்குப் போனால் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். தோட்டத்துரை முன்னால் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அப்படி இருந்தவனை அந்த முதலாளி வாசலுக்கு வந்து, "என்ன மாத்தயா, இந்தகன்ன" என்று கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். வாருங்கள் ஐயா, உட்காருங்கள் என்று அர்த்தம். மாத்தயா! என்னை! பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி, ஒரு தட்டில் கொண்டைப் பலகாரம். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படி மரியாதை பண்ணுகிற மனிதனிடம் கூரையைக் காட்டு, கொல்லையைக் காட்டு என்று கேட்பது சின்னத்தனமாகத் தோன்றியது. ஸ்டோரில் நான் எப்படிப்பட்டவன் தெரியுமா? ஒவ்வொரு ரப்பர் ஷீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். ஊசிமுனை அளவு பூஞ்சணம் இருந்தாலும் தூக்கி எறிவேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஒரு வீட்டைப் பார்க்காமல் வாங்கினேன், மாத்தயா என்ற ஒரு சொல்லுக்காக.

அது மட்டுமா? வெளியே வரும்போது வேலி ஓரத்தில் அடுத்த வீட்டு சோமாவதி நின்றுகொண்டிருந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முதலாளி உள்ளே போனதும் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, மெதுவாக, "மேக்க கன்ன எபா, மல்லி. பிட்டிபஸ்ஸ பலன்ன" என்றார். இதை வாங்காதே தம்பி, பின்பக்கம் பார் என்று அர்த்தம். வாங்காதே என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஓகோ, தமிழன் பக்கத்து வீட்டுக்கு வருவது இந்தப் பொம்பளைக்குப் பிடிக்கவில்லையோ என்று எனக்குள் ஒரு எரிச்சல். வாங்கிக் காட்டுகிறேன் பார் என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணினேன். நாற்காலி போட்டவனை நம்பினேன், நல்லது சொன்னவளைச் சந்தேகப்பட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் முகத்தைப் பார்த்து நான் பேசவில்லை. அவர் பலாக்காயும் ஈரப்பலாக்காயும் கொடுத்தனுப்புவார், அம்மாதான் வாங்கிக்கொள்வாள்.

முதல் மழைக்கே வீடு தன் குணத்தைக் காட்டியது. நீ வாளியை நடுவில் வைத்துக்கொண்டு படித்தாய். வைகாசிக் காற்றில் கூரை ஷீட் ஒன்று பறந்துபோய் சோமாவதி வீட்டுக் கமுகில் செருகிக்கொண்டு நின்றது. நீ கைதட்டிச் சிரித்தாய், நான் உன்னை அடித்தேன். அம்மாவுக்கு இழுப்பு வந்ததும் அந்தச் சுவர்களோடு படுத்துத்தான். இருந்தாலும் சமாளித்தோம். லயத்தில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. கூரை ஒழுகினால் தோட்டம் பார்த்துக்கொள்ளும், சுவர் இடிந்தால் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்போம். தோட்டமும் பார்க்காது, நாமும் பார்க்க மாட்டோம். அந்தச் சோம்பலோடுதான் அங்கேயும் இருந்தேன். பின்னால் மேடு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. நீ கலாசாலை விடுதிக்குப் போன வருஷம் பின்பக்கம் அடுப்பு இருந்த குசினித் தரையில் ஒரு வெடிப்பு விழுந்தது. சிமெந்து பூசினேன், மறுபடியும் விழுந்தது. ஒருநாள் மேட்டின் மேலே ஏறிப் பார்த்தேன். புல்லுக்குள் மண் பிளந்து கிடந்தது. கைக்கம்பை விட்டேன், பிடி வரைக்கும் உள்ளே போனது. அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம்கூடச் சொல்ல முடியாது.

விற்றுவிட முடிவு பண்ணினேன். இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். கதவை இழைத்தவன் நான். பின் அறைக்குச் சீலிங் போட்டவனும், குசினி வெடிப்பின் மேல் விறகுப் பெட்டியை இழுத்து வைத்தவனும் நான்தான். கேகாலையில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, என் கைவேலையைத்தான் மறுபடியும் பார்த்தேன். வாங்க வந்தவன் யார் என்று உனக்குத் தெரியும். சிவலிங்கம். என்னோடு ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவன், என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவன். அவனும் அவன் பெண்டாட்டி பாக்கியமும் லயத்தைவிட்டு வெளியே வருவதற்குத் துடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வருகிற அன்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, "நான் தேத்தண்ணி போட மாட்டேன். நீங்களே போட்டுக் குடுத்து வித்துக்கங்க" என்றாள். போட்டேன். நாற்காலி போட்டேன். "உக்காரு சிவா, உக்காரும்மா பாக்கியம்" என்றேன். அண்ணன் முன்னால் எப்படி உட்காருவது என்று கூச்சப்பட்டுக்கொண்டு நுனியில் உட்கார்ந்தார்கள். பின்பக்கம் பார்க்கிறோம் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அப்போது சோமாவதி தன் வாசலை விட்டு இறங்கி வருவது ஜன்னலில் தெரிந்தது. வயதாகிவிட்டது, மெதுவாகத்தான் வந்தார். எதற்கு வருகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் முந்திக்கொண்டேன். "அந்தம்மா ஒரு மாதிரி, சிவா. நம்ம ஆளுங்கன்னா ஆகாது. நான் வந்தப்பவே வாங்காதன்னு சொன்ன ஆளு. என்ன சொன்னாலும் தலைய ஆட்டிட்டு வந்துரு" என்றேன். நாங்கள் வாசலுக்கு வந்ததும் அவர் வேலியில் கையை வைத்து, எனக்குச் சொன்ன அதே வார்த்தையை அவர்களுக்கும் சொன்னார். பாக்கியம் அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவலிங்கம் தலையை ஆட்டினான். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எட்டு வருஷம் நமக்குப் பலாக்காய் கொடுத்த கை அது. நம்மை எத்தனை பேர் எத்தனை இடத்தில் கேவலப்படுத்தியிருக்கிறார்கள்! அந்தக் காயத்தையே எடுத்து, நல்லது சொல்ல வந்த ஒரு மனுஷியின் வாயை அடைக்கத் துணியாகப் பயன்படுத்தினேன். இதை நினைக்கும்போதெல்லாம் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து வந்த பெருமழையில் மேடு சரிந்து பாக்கியம் மண்ணுக்குள் போனது உனக்குத் தெரியும். விடுதியிலிருந்து நீயும் மாலை வாங்கிக்கொண்டு வந்தாய். மழையில் யாருக்கும் வருகிற சாவு என்று நினைத்துக்கொண்டுதான் நீ அழுதாய். பின்னேரம் நாலு மணிக்கு அவள் குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சிவலிங்கம் முன்பக்கம் இருந்ததால் தப்பினான். சத்தம் கேட்டு முதலில் மம்பட்டியோடு ஓடிவந்தது சோமாவதியின் இரண்டு மகன்கள்தான். இருட்டுவதற்குள் அவளை வெளியே எடுத்துவிட்டார்கள், உயிர்தான் இல்லை. நான் போனபோது சோமாவதி சேற்றோடு படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "மம கிவ்வனே" என்றார். நான் சொன்னேனே என்கிறார். கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகையால் அந்தக் கேகாலை வீடு வேண்டாம். வேறு வீடு பார். மழையில் போய்ப் பார், பின்பக்கம் முதலில் போ, அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டுப் படி ஏறிக் கேள். அவர்கள் எந்த பாஷை பேசினாலும் கேள். தலையைக் குனிந்துகொண்டு போகாதீர்கள். இப்போது இருக்கிற வாடகை வீடு இடிந்துவிடாது, பிள்ளை அங்கேயே பிறக்கட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. இதை அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. பாக்கியத்தைப் புதைத்துவிட்டு வந்த அன்று சிவலிங்கம் கோயில் மண்டபத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். உடுத்திய சாரத்தைத் தவிர அவனிடம் வேறொன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். என்னவோ கேட்கப்போகிறான், கேட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு காலில் விழுந்துவிடுவது என்றுதான் போயிருந்தேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க அருமையா வெச்சிருந்த வீடு. எங்களுக்குத்தான் பாத்துக்கத் தெரியல. மன்னிச்சிருங்கண்ணே" என்றான்.

நான் அவன் தோளில் தட்டி, "பரவாயில்ல சிவா, மனசுல வெச்சுக்காத" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வேண்டாம், தம்பி. இப்போதே போய் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு.

அப்பா